முற்றத்துக் கல்

ஃபெய்ஸா: வெளியூர்க்காரங்களைக் கூட்டிட்டு வந்தாலும் இப்படித்தான் சொல்வீங்களா, மச்சான்? செத்த குரல்ல?

வேதாத்: இருக்கறது இந்தக் குரல்தான்.

ஃபெய்ஸா: ...நான் அந்த அர்த்தத்துல சொல்லல.

வேதாத்: எந்த அர்த்தத்துலயும் சரிதான். மேல பாரு. பெரிய கும்மட்டம். எட்டுத் தூண் தாங்குது. எட்டும் சுவரோரம் ஒதுங்கிடுச்சு. நடுவுல ஒண்ணுமில்ல.

ஃபெய்ஸா: கழுத்து வலிக்குது.

வேதாத்: எல்லாருக்கும் வலிக்கும். அதுக்குத்தான் முதல்ல கம்பளத்துல உக்காரச் சொல்வேன். உக்காரு.

ஃபெய்ஸா: இங்கயேவா? யாராச்சும் ஏதாச்சும்...

வேதாத்: பள்ளிவாசல்ல உக்காந்தா யாரு என்ன சொல்லப் போறா? முக்காட்டை மட்டும் சரி பண்ணிக்கோ. வழுக்குது.

ஃபெய்ஸா: எடிர்னேயிலயே பொறந்து வளந்தவ. செலிமியேக்குள்ள உக்காந்து மேல பாக்கறது இதுதான் முதல் தடவை. சிரிக்காதீங்க.

வேதாத்: சிரிக்கல.

ஃபெய்ஸா: தெரியும். சும்மா சொன்னேன். பெருநாளைக்கு வருவோம். வெளிய கழட்டிப் போட்ட செருப்பு இருக்கான்னு யோசிச்சுக்கிட்டே தொழுவோம். ஊர்க்காரங்க யாரு அண்ணாந்து பாத்தா? ...கட்டினது சினான். அது தெரியும். ஸ்கூல்ல மண்டையில அடிச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க.

வேதாத்: எண்பது வயசை ஒட்டி இருக்கும் அப்ப. தன்னோட வேலையிலயே இதுதான் உசத்தின்னு சொன்னதா சொல்வாங்க.

ஃபெய்ஸா: கட்டச் சொன்னது?

வேதாத்: சுல்தான் ரெண்டாம் செலிம். பள்ளி திறக்கறதுக்குள்ள போயிட்டாரு. ஒரு வேளைகூட இங்க தொழல.

ஃபெய்ஸா: அதையும் இதே குரல்ல சொல்றீங்களே...

வேதாத்: முன்னாடி அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்துவேன். ஜெர்மன்காரங்க 'அடடா'ம்பாங்க. வயசான பொம்பளைங்க கண்ணைத் துடைச்சுக்குவாங்க. இப்ப நிறுத்தறதில்ல.

ஃபெய்ஸா: ஏன்?

வேதாத்: அப்புறம் தொடர முடியல. அங்க பாரு, மேல, வண்ணம் கொஞ்சம் கலைஞ்ச மாதிரி. பல்கேரியர் முற்றுகைல பீரங்கிக் குண்டு பட்ட இடம்னு காட்டுவோம். சரி பண்ணாம விட்டுட்டாங்க.

ஃபெய்ஸா: ஏன் விட்டாங்க?

வேதாத்: மறந்துடக் கூடாதுன்னு.

ஃபெய்ஸா: மறக்கறது என்னமோ கைக்குள்ள இருக்கற மாதிரி...

வேதாத்: மெதுவாப் பேசு. கும்மட்டத்துக்குக் கீழ எது பேசினாலும் சுத்தி வரும்.

ஃபெய்ஸா: சாப்பிட்டீங்களா காலைல?

வேதாத்: இது சுற்றுலாவா, விசாரணையா?

ஃபெய்ஸா: ரெண்டும். சாப்பிட்டீங்களா?

வேதாத்: எள்ளு ரொட்டி ஒண்ணு. உங்கக்கா கபருக்குப் போற வழியில.

ஃபெய்ஸா: இன்னிக்கும் போனீங்களா?

வேதாத்: நாப்பதாம் நாள். போகாம?

ஃபெய்ஸா: அம்மா விடிஞ்சதுல இருந்து ரவை வறுக்கறாங்க. அண்டா நிறைய. அல்வா வாசனை தெருமுனை வரைக்கும் வருது. அசர் தொழுகை முடிஞ்சு ஃபாத்திஹா ஓதறோம். அக்காகூட வேலை பாத்த டீச்சருங்க எல்லாம் வர்றாங்களாம்.

வேதாத்: தெரியும். நாற்காலி நான்தான் சொல்லியிருக்கேன்.

ஃபெய்ஸா: அதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு பேசிட்டுப் போகணும். அதுக்குத்தான் வந்தேன். நேத்து ராத்திரி முழுக்க பஸ்ல அதையேதான் யோசிச்சுக்கிட்டு...

வேதாத்: இஸ்மிர்ல இருந்து ஒரே மூச்சா?

ஃபெய்ஸா: நடுவுல ஒரு இடத்துல சூப் குடிச்சேன். பேச்சை மாத்தாதீங்க.

வேதாத்: மாத்தல. தலைகீழ்ப் பூ பாக்கணும்னியே. அதைப் பாத்துட்டுப் பேசு.

ஃபெய்ஸா: மாத்தறீங்க.

வேதாத்: எந்திரி. இங்க, நடு மேடைக்குக் கீழ. பாங்கு சொல்றவங்க நிக்கற மேடை இது. இந்தக் குட்டித் தூண்கள்ல ஒண்ணுல இருக்கு. நீயே தேடு. எல்லாரையும் தேட விடுவேன்.

ஃபெய்ஸா: எங்க... இதுவா? இல்ல, இது வெறும் கீறல். இதோ. அட, இத்தனூண்டா? இதுக்குத்தானா இத்தனை கூட்டம் வருது?

வேதாத்: இதுக்குத்தான். மேல இருக்கறதை யாரும் கேக்கறதில்ல. 'துலிப் எங்க'ம்பாங்க. பாத்துட்டு, போட்டோ எடுத்துட்டு, ஈரல் வறுவல் எந்தக் கடையில நல்லாருக்கும்பாங்க.

ஃபெய்ஸா: எந்தக் கடையில?

வேதாத்: அதுக்கு ஒரு பதில் வெச்சிருக்கேன். ஊர்க்காரிக்குச் சொல்லத் தேவையில்ல.

ஃபெய்ஸா: ஏன் தலைகீழா இருக்கு?

வேதாத்: கதை ஒண்ணு சொல்வாங்க. இந்த இடம் முன்னாடி துலிப் தோட்டமாம். தோட்டக்காரர் தர மாட்டேன்னு முரண்டு பிடிச்சாராம். கெஞ்சி வாங்கினாங்க. அவரும் கடைசில, பள்ளிக்குள்ள என் ஞாபகமா ஒரு துலிப் இருக்கணும்னாரு. சினான் செதுக்க வெச்சாரு. ஆனா தலைகீழா. முரண்டு பிடிச்சவர்னு தெரியணும்ல.

ஃபெய்ஸா: கொடுத்தப்புறமுமா?

வேதாத்: கொடுத்தப்புறமும்.

ஃபெய்ஸா: பக்கத்துல காலியா ஒரு தூண் இருக்கு பாருங்க. உங்களுக்கு ஒண்ணு செதுக்கலாம்.

வேதாத்: எனக்கு எதுக்கு?

ஃபெய்ஸா: உங்களுக்குத் தெரியும் எதுக்குன்னு. மச்சான். அன்னிக்கு முற்றத்துல, அக்காவோட பெட்டியைக் கல்லு மேல வெச்சிருந்தப்ப... தொழுகை முடிஞ்சு இமாம் திரும்பிக் கேட்டாரே. மூணு தடவை.

வேதாத்: எல்லா ஜனாஸாவுலயும் கேக்கறதுதான்.

ஃபெய்ஸா: 'இவங்க மேல உங்களுக்கு என்ன ஹக், என்ன பாக்கி இருந்தாலும் மன்னிச்சு ஹலால் பண்ணிட்டீங்களா'ன்னு கேட்டாரு. 'பண்ணிட்டோம்'னு ஜனமெல்லாம் சொல்லுச்சு. மளிகைக்கடைக்காரர் சொன்னாரு. எதிர்வீட்டுல, அக்காகூடப் பத்து மாசமாப் பேசாம இருந்தாளே, அவ சொன்னா.

வேதாத்: கேட்டேன்.

ஃபெய்ஸா: நீங்க சொல்லல.

வேதாத்: அத்தனை கூட்டத்துல யாரு சொன்னா, யாரு சொல்லலன்னு...

ஃபெய்ஸா: உங்க வாய் மூடியிருந்துச்சு. முதல் தடவை, ரெண்டாம் தடவை, மூணாவது. அம்மா பாத்தாங்க.

வேதாத்: மாமியா?

ஃபெய்ஸா: அன்னிலேர்ந்து சரியாச் சாப்பிடறதில்ல. தூங்கறதில்ல. 'அவன் ஏன் சொல்லல, என் பொண்ணு அவனுக்கு என்ன பண்ணிட்டா'ன்னு அதையே அரைச்சுக்கிட்டு... அதான் என்னை அனுப்பினாங்க.

வேதாத்: என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நேத்து சாயங்காலம்கூட ரெண்டு வீட்டு மாவும் நான்தான் வாங்கிட்டு வந்து கொடுத்தேன்.

ஃபெய்ஸா: உங்ககிட்ட எப்படிக் கேப்பாங்க? மாப்பிள்ளை முகத்தைப் பாத்து? நான் கேக்கறேன். அக்கா உங்களுக்கு என்ன பண்ணினா?

வேதாத்: ஒண்ணும் பண்ணல.

ஃபெய்ஸா: வேற... வேற யாராச்சும்...

வேதாத்: பைத்தியமா உனக்கு?

ஃபெய்ஸா: கேட்டுத்தானே ஆகணும். சரி. சண்டையா? அன்னிக்குக் காலைல?

வேதாத்: சண்டை இல்ல. முட்டை வேக வெச்சா. என் முட்டை ரொம்ப வெந்துடுச்சு. மஞ்சக்கரு பச்சையாயிடுச்சுன்னு சொன்னேன். 'பச்சை உடம்புக்கு நல்லது, தின்னு'ன்னா. தின்னேன். அவ கிளம்பிட்டா. ரெண்டாவது பீரியட்ல கரும்பலகைக்கு முன்னால விழுந்தா.

ஃபெய்ஸா: ...முட்டைக்காகவா?

வேதாத்: முட்டைக்காக இல்ல.

ஃபெய்ஸா: படுக்கையில கிடந்து போறவங்க ஒருத்தருக்கொருத்தர் கேட்டு வாங்கிக்குவாங்க. எங்க வாப்பா, ஆஸ்பத்திரியில, வார்டு பையனைக்கூடக் கூப்பிட்டு ஹலால் பண்ணிடுன்னு கேட்டாரு. அக்காவுக்குத் தலைக்குள்ள நரம்பு வெடிச்சு, கையில சாக்பீஸோட... அவளுக்கு யாரையும் கேக்க நேரம் இல்ல. அவளுக்காகத்தான் இமாம் கேட்டாரு. நீங்க பதிலே சொல்லல.

வேதாத்: தெரியும்.

ஃபெய்ஸா: ஒரு ஆளு ஹக்கை விடலேன்னாலும் அங்க, மறுமையில, அவளை நிறுத்தி வெச்சுடுவாங்க. அந்த ஆள் வர்ற வரைக்கும் நிக்கணும். அது தெரியுமா?

வேதாத்: தெரியும்.

ஃபெய்ஸா: தெரிஞ்சேவா சொல்லாம நின்னீங்க?

வேதாத்: தெரிஞ்சேதான்.

ஃபெய்ஸா: என்ன மனுஷன் நீங்க...

வேதாத்: பாங்குக்கு நேரமாச்சு. தொழுகை நேரத்துல பார்வையாளர் உள்ள இருக்கக் கூடாது. வெளிய போவோம்.

ஃபெய்ஸா: நீங்க தொழலயா?

வேதாத்: இப்பல்லாம் நான் பார்வையாளர்தான்.

ஃபெய்ஸா: என் பூட்ஸ் எங்க? இந்தத் தட்டுலதானே வெச்சேன்... ஆ, இருக்கு. அதுக்குள்ள ஐஸாயிடுச்சு.

வேதாத்: லேஸைக் கட்டு. படி ஈரமா இருக்கும். ஆத்துப் பக்கத்துலேர்ந்து மூடுபனி ஏறி வந்திருக்கு.

ஃபெய்ஸா: மினாராவோட தலையே தெரியல.

வேதாத்: நாலு மினாரா. அதுல ரெண்டுக்குள்ள மூணு மூணு படிக்கட்டு. ஒண்ணைச் சுத்தி ஒண்ணு. மூணு பேர் ஒரே நேரத்துல ஏறலாம். வழியில ஒருத்தரை ஒருத்தர் பாக்க முடியாது.

ஃபெய்ஸா: யாரும் கேக்கல. சொற்பொழிவை நிறுத்துங்க.

வேதாத்: பழக்கம். இந்த இடத்துக்கு வந்தா வாய் தானா சொல்லிடுது.

ஃபெய்ஸா: சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லாது. ...மச்சான், அக்கா போனதுல இருந்து குரூப்பை எந்த வாசல் வழியாக் கூட்டிட்டு வர்றீங்க?

வேதாத்: கடைத்தெரு வழியா. சோப்புக் கடைங்க பக்கம். கீழேர்ந்து படியேறி நேரா உள்ள.

ஃபெய்ஸா: முன்னாடி இந்த முற்றத்து வழியாத்தானே? அந்தக் கல்லுகிட்ட நிறுத்தி, 'இங்கதான் எங்க ஊரே கடைசியா வந்து சேரும்'னு சொல்வீங்களாம். அக்கா ஃபோன்ல உங்களை மாதிரியே பேசிக் காட்டுவா.

வேதாத்: அவளுக்கு என் குரல் வராது.

ஃபெய்ஸா: நல்லாவே வரும். மூக்கால பேசுவா. இப்பவும் கல்லுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் நிக்கறீங்க.

வேதாத்: காத்து அந்தப் பக்கத்துலேர்ந்து வருது.

ஃபெய்ஸா: காத்தே இல்ல. மூடுபனி அசையாம நிக்குது. மச்சான், நான் நேராச் சொல்றேன். அந்தக் கல்லுகிட்ட வந்து நில்லுங்க. 'நிலாய் மேல எனக்கு இருக்கற ஹக் எல்லாத்தையும் ஹலால் பண்ணிட்டேன்'னு ஒரு தடவை சொல்லுங்க. நான் ஃபோன்ல பிடிச்சு அம்மாவுக்குப் போட்டுக் காட்டறேன். முடிஞ்சுது. அப்புறம் உங்களை நான் தொந்தரவு பண்ண மாட்டேன்.

வேதாத்: கல்லுல ஆள் இருக்கு.

ஃபெய்ஸா: என்ன?

வேதாத்: திரும்பிப் பாரு. பச்சைத் துணி. இப்பத்தான் வண்டியிலேர்ந்து இறக்கி வெச்சாங்க.

ஃபெய்ஸா: ...இன்னா லில்லாஹி. யாரு?

வேதாத்: ஆம்பளை. பெட்டித் தலைமாட்டுல முக்காட்டுத் துணி இல்ல பாரு.

ஃபெய்ஸா: அக்காவுக்கு நான்தான் போட்டேன். வெள்ளை. ஓரத்துல பின்னல் வெச்சது. குனிஞ்சு முடிச்சுப் போடறப்ப ரெண்டு தடவை அவிழ்ந்துடுச்சு.

வேதாத்: பாத்தேன்.

ஃபெய்ஸா: உள்ள லுஹர் தொழுகை முடியட்டும். அவரை எடுத்துட்டுப் போனப்புறம் கல்லு காலியாயிடும். அது வரைக்கும் நான் நகர மாட்டேன்.

வேதாத்: கால் விறைச்சுடும்.

ஃபெய்ஸா: விறைக்கட்டும். டீயாவது வாங்கிக் கொடுங்க.

வேதாத்: வாசல்ல இருக்கான். ரெண்டு சக்கரைக்கட்டியா?

ஃபெய்ஸா: மூணு. ...வாங்கிட்டு அப்படியே ஓடிடாதீங்க.

வேதாத்: எங்க ஓடறது? பிடி. சுடுது.

ஃபெய்ஸா: ம்... நல்லாருக்கு. ஆளுங்க வெளிய வர ஆரம்பிச்சுட்டாங்க. என்ன, எல்லாரும் வேகமாப் போறாங்க. ஜனாஸாவுக்கு நிக்க மாட்டாங்களா?

வேதாத்: குளிரு. கொஞ்சப் பேர் நிப்பாங்க.

ரெம்ஸி: தம்பி... தம்பி, மன்னிக்கணும். ஒளு இருக்கா உனக்கு?

வேதாத்: இருக்கு அண்ணே. காலைல கபருக்குப் போறப்ப கை கால் கழுவி எடுத்தது.

ரெம்ஸி: அப்ப வந்து நில்லேன். பெட்டியில இருக்கறது எங்கண்ணன். ஃபெஹ்மி. நான் ரெம்ஸி, தம்பிக்காரன். மூணு வரிசையாவது நின்னு தொழ வெக்கணும்னு பாக்கறேன். ரெண்டரைதான் தேறுது. மத்தவனெல்லாம் நேரா ஈரல் கடைக்குப் போயிட்டான்.

ஃபெய்ஸா: ஐயா, நாங்க இங்க ஒரு விஷயமா...

ரெம்ஸி: ரெண்டு நிமிஷம் தங்கச்சி. ருகூ இல்ல, சஜ்தா இல்ல, நின்ன வாக்குல முடிஞ்சுடும்.

வேதாத்: எனக்கு அவரைத் தெரியாதே அண்ணே.

ரெம்ஸி: தெரியாதது நல்லதாப் போச்சு. தெரிஞ்சவன்தான் ஒருத்தனும் வரல.

ஃபெய்ஸா: 'எப்படிப்பட்டவர்'னு இமாம் கேப்பாரே. தெரியாம எப்படிச் சொல்றது?

ரெம்ஸி: நல்லவர்னு சொல்லுங்க. நல்லவன் இல்ல. ஆனா சொல்லுங்க. நானே சொல்லப் போறேன். லாரி ஓட்டினான், ஊர் ஊராத் திரிஞ்சான். எங்கம்மா கிடையில கிடந்தப்ப எட்டிப் பாக்கல. ஜனாஸாவுக்கு வந்து, மண்ணு தள்ளறவன்கிட்டப் போயி சண்டை போட்டான். என்னத்தைச் சொல்ல.

வேதாத்: அப்ப ஹலாலும் சொல்வீங்களா?

ரெம்ஸி: பின்ன? முதல் குரல் என் குரல்தான்.

வேதாத்: ஏன்?

ரெம்ஸி: ஏனா? விடலேன்னா அங்க போயும் அவன் சட்டையைப் பிடிச்சு நிறுத்தணும், தம்பி. நிறுத்தி, அவன் மூஞ்சியைப் பாத்துப் பேசணும். அறுபது வருஷம் பாத்தது போதாதா? இங்கயே அறுத்துவிட்டா அவன் வழி அவனுக்கு, என் வழி எனக்கு. ...வா, இமாம் வந்துட்டாரு. கடைசி வரிசையில அந்த ஓரம் காலியா இருக்கு பாரு.

ஃபெய்ஸா: மச்சான்.

வேதாத்: கிளாஸைப் பிடி. வர்றேன்.

இமாம்: ஜமாஅத்தாரே, தொழுகை முடிந்தது. மர்ஹூம் ஃபெஹ்மியை நீங்கள் எப்படி அறிந்திருந்தீர்கள்?

கூட்டம்: நல்லவராக அறிந்திருந்தோம்.

இமாம்: அவர் மீது உங்களுக்குள்ள ஹக்கை ஹலால் ஆக்கிவிட்டீர்களா?

ரெம்ஸி: ஆக்கிவிட்டேன்.

கூட்டம்: ஆக்கிவிட்டோம்.

இமாம்: ஹலால் ஆக்கிவிட்டீர்களா?

கூட்டம்: ஆக்கிவிட்டோம்.

வேதாத்: ஆக்கிவிட்டேன்.

இமாம்: ஹலால் ஆக்கிவிட்டீர்களா?

கூட்டம்: ஆக்கிவிட்டோம்.

வேதாத்: ஆக்கிவிட்டேன்.

இமாம்: அல்லாஹ் உங்கள் எல்லோரையும் பொருந்திக்கொள்வானாக. தூக்குங்கள்.

ரெம்ஸி: தம்பி, நல்லா இருப்ப. பின்னாடிலேர்ந்து உன் குரல் கணீர்னு வந்துச்சு. என் பக்கத்துல நின்ன மச்சினன், 'அது யாரு, ஃபெஹ்மிக்கு இவ்வளவு வேண்டிய ஆளு'ன்னு கேக்கறான். வர்றேன். தங்கச்சி, வர்றேன்மா. வண்டிக்காரன் ஹார்ன் அடிக்கறான்.

வேதாத்: போயிட்டு வாங்க அண்ணே.

ஃபெய்ஸா: ...

வேதாத்: டீ ஆறிடுச்சா?

ஃபெய்ஸா: கொட்டிட்டேன்.

வேதாத்: சரி.

ஃபெய்ஸா: என்ன சரி? பேரே பத்து நிமிஷம் முன்னாடிதான் தெரியும் உங்களுக்கு. பெத்த தாயை எட்டிப் பாக்காத ஆளு. அவருக்கு வாய் வருது. கூட்டத்துக்கு மேல கேக்குது. எங்கக்காவுக்கு வரல.

வேதாத்: அவரை நான் மறுபடி பாக்க வேண்டியதில்ல.

ஃபெய்ஸா: ...என்ன சொன்னீங்க?

வேதாத்: கேட்டுச்சுல்ல.

ஃபெய்ஸா: திரும்பச் சொல்லுங்க.

வேதாத்: அந்தத் தீர்ப்பு நாள்ல யாரும் யாரையும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. தாய் பிள்ளையைப் பாக்க மாட்டா. புருஷன் பொண்டாட்டியை விட்டு ஓடுவான். சின்ன வயசுலேர்ந்து கேக்கறோம்ல. அவனவனுக்கு அவனவன் பாடு. அத்தனை கோடி ஜனம். அதுல ஒருத்தர் இன்னொருத்தரை நிறுத்தணும்னா ஒரே வழிதான் இருக்கு.

ஃபெய்ஸா: ஹக்.

வேதாத்: பாக்கி வெச்சவளை நிறுத்தலாம். நிறுத்துவாங்க. அவளே நின்னாகணும்.

ஃபெய்ஸா: அதுக்காகவா...

வேதாத்: இமாம் கேட்டப்ப முதல் தடவை சொல்லத்தான் இருந்தேன். அப்பத்தான் தோணிச்சு. சொல்லிட்டா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. சுத்தமா முடிஞ்சுபோயிடும். மூணாவது தடவை கேட்டப்ப பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

ஃபெய்ஸா: அப்படி என்ன ஹக் இருக்கு அவ மேல உங்களுக்கு? ஒண்ணும் பண்ணலன்னீங்களே.

வேதாத்: தேடினேன். நாப்பது நாளாத் தேடறேன். நான் எப்பவாச்சும் கோவிச்சுக்கிட்டது, அவ ஏதாச்சும் மறைச்சது... ஒண்ணுதான் கிடைச்சுது. நான் சுத்திக் காட்டறதைக் கேக்க ஒரு நாள் வர்றேன்னு சொல்லியிருந்தா. கூட்டத்தோட கூட்டமா, யாருன்னு காட்டிக்காம, பின்னாடி நின்னு கேக்கறேன்னா. வரல.

ஃபெய்ஸா: அவ்வளவுதானா?

வேதாத்: அவ்வளவுதான். அதையும் விட்டுட்டா கையில வேற இல்ல.

ஃபெய்ஸா: அது வரைக்கும் அவ அங்க நிக்கணுமா? உங்களுக்கு முப்பத்தொண்ணு வயசு. எத்தனை வருஷம்?

வேதாத்: அங்க வருஷம் கிடையாது.

ஃபெய்ஸா: அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

வேதாத்: தெரியாது.

ஃபெய்ஸா: ...சீக்கிரம் போறதா ஏதும் யோசிக்கலயே நீங்க? என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

வேதாத்: இல்ல. நாளைக்கு ரெண்டு குரூப் இருக்கு. ஒண்ணு கொரியாக்காரங்க. நிறைய கேள்வி கேப்பாங்க.

ஃபெய்ஸா: சத்தியமா?

வேதாத்: சத்தியமா. ...அவளைக் கஷ்டப்படுத்தறேனோன்னும் தோணுது. ராத்திரியில. அவ எங்கயோ வரிசையில நிக்கறா, எல்லாரும் போயிட்டாங்க, அவளை மட்டும் நிறுத்திட்டாங்கன்னு. எந்திரிச்சு உக்காந்துடுவேன். சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வரும்.

ஃபெய்ஸா: வந்து?

வேதாத்: திரும்பிடும்.

ஃபெய்ஸா: கல்லு காலியாயிடுச்சு, மச்சான்.

வேதாத்: தெரியுது. ஃபோனை எடுக்காதே. இன்னிக்கு முடியாது.

ஃபெய்ஸா: எடுக்கல. கைக்குட்டை தேடறேன்.

வேதாத்: இந்தா.

ஃபெய்ஸா: சுத்தமானதா?

வேதாத்: உங்கம்மா துவைச்சது. ஃபெய்ஸா. மாமிகிட்ட நான் சொல்லிட்டேன்னு சொல்லிடு. கல்லுகிட்ட நின்னு சொன்னான், நான் காதால கேட்டேன்னு சொல்லு. யாருக்காகச் சொன்னேன்னு பேரைக் கேக்க மாட்டாங்க. பாவம், அவங்களாவது சாப்பிடட்டும். தூங்கட்டும்.

ஃபெய்ஸா: அம்மாகிட்ட எதுவும் சொல்ல வேண்டியதில்ல, மச்சான்... அம்மா உங்களைப் பாக்கவே இல்ல. அன்னிக்குக் கண்ணை மூடிக்கிட்டு மூணு தடவையும் சொன்னாங்க, எனக்குப் பக்கத்துலதான் நின்னாங்க. வேளாவேளைக்குச் சாப்பிடறாங்க. தூங்கவும் செய்றாங்க. தூங்காதது நான். இமாம் கேட்டப்ப எனக்கு வாய் வரல... வேற யாருக்காச்சும் வரலயான்னு ஆம்பளைங்க வரிசை பூராத் தேடினேன். நீங்க ஒருத்தர்தான் சொல்லாம இருந்தீங்க. இன்னிக்கு நீங்க சொல்லிட்டா, பின்னாடியே நானும் சொல்லிடலாம்னு வந்தேன்.